பாவிக்கிற ஆக்களை மனசில வைச்சு ஆப் செய்யிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில இருந்து மொபைல் ஆப் செய்யிறது தான் என்ர வேலை. கம்பஸில ஃபைனல் இயர் படிக்கிற பிள்ளையள், டவுனில கடை வைச்சிருக்கிற அண்ணைமார், யாழ் கீக் சலஞ்ச் மாதிரிப் போட்டியளுக்கு ஐடியாவோட வெளிக்கிடுற பெடியள், எல்லாரும் போன் எடுத்துக் கேக்கிறது கிட்டத்தட்ட ஒரே கேள்வியள் தான். அதாலை அவை கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு எனக்குத் தெரிஞ்ச பதிலை எழுதி வைக்கிறன்.

உதாரணத்துக்கு எல்லா இடத்திலயும் ஒரே ஆப்பைத் தான் சொல்லுவன். நானும் ரெண்டு பெடியளும் சேந்து வலிகாமம் பக்கத்துத் தோட்டக்காரருக்கெண்டு செய்த மரக்கறி விலை ஆப். இண்டைக்கு எந்தச் சந்தையில என்ன விலை போகுதெண்டு போனில பாக்கிறது, அவ்வளவு தான். சின்ன ஆப் தான், ஆனா பிழை விடக்கூடிய எல்லா இடத்திலயும் ஒருக்கா பிழை விட்டுத் தான் அதைச் செய்து முடிச்சம்.

அண்ணை ஆப் ஒண்டு செய்யப்போறன், முதல்ல எந்த புரோகிராமிங் லாங்குவேஜ் படிக்கிறது?

லாங்குவேஜை விடுங்கோ, அதுக்குப் பிறகு வருவம். முதல்ல எனக்கு ரெண்டு விசயம் சொல்லுங்கோ. இதை ஆர் பாவிக்கப்போகினம், இந்த ஆப் இல்லாம இப்ப அவை அந்த வேலையை எப்பிடிச் செய்யினம். ரெண்டாவதுக்குப் பதில் தெரியேல்லையெண்டா நீங்கள் இன்னும் தொடங்கிற இடத்துக்கு வரேல்லை.

எந்த வேலைக்கும் ஏற்கனவே ஒரு வழி இருக்கும். எங்கட தோட்டக்காரர் விடியப்புறம் அஞ்சு மணிக்கு சந்தையில நிக்கிற தெரிஞ்ச ஒராளுக்கு கோல் எடுத்து "இண்டைக்கு என்ன மாதிரி" எண்டு கேப்பினம், அரை நிமிசத்தில வேலை முடிஞ்சிடும். அப்ப எங்கட ஆப்புக்குப் போட்டி வேற ஆப் இல்லை, அந்த அரை நிமிசக் கோல். அதைவிட லேசா இல்லாட்டி ஒருத்தரும் எங்கட ஆப்பைத் திறக்கப்போறதில்லை எண்டு விளங்கின பிறகு தான் நாங்கள் கொம்பியூட்டரைத் திறந்தனாங்கள்.

"யூசர் சென்டர்ட்" எண்டு எல்லாரும் சொல்லீனம், உண்மையில அது என்ன? வடிவான டிசைனா?

வடிவு அதில ஒரு சின்னத் துண்டு. 1985இல ஐபிஎம்மில வேலை செய்த ஜோன் கூல்ட், கிளேய்ட்டன் லூயிஸ் எண்ட ரெண்டு பேர் இதை மூண்டு விசயமாச் சொல்லியிருக்கினம். தொடக்கத்திலயே பாவிக்கிற ஆக்களையும் அவையின்ர வேலையையும் போய்ப் பார், அவை பாவிக்கேக்க என்ன நடக்குதெண்டு அளந்து பார், பாத்ததை வைச்சுத் திருத்தித் திரும்பவும் காட்டு. நாப்பது வருசமாகியும் இதுக்கு மேல சொல்ல பெரிசா ஒண்டும் இல்லை எண்டு தான் நான் நினைக்கிறன். ஐஎஸ்ஓ 9241-210 எண்டு ஒரு சர்வதேசத் தரமே இதுக்கு இருக்கு, 2010இல வந்து 2019இல புதுப்பிச்சவை, அதின்ர சாரமும் இது தான்.

அப்ப வடிவு தேவையில்லையோ எண்டு கேக்காதேங்கோ, தேவை தான். ஆனா வடிவா இருந்தும் ஆளுக்குப் பிரயோசனம் இல்லாத ஆப் கனக்க இருக்கு, கொஞ்சம் முரடா இருந்தாலும் ஒவ்வொரு நாளும் திறக்கிற ஆப்பும் இருக்கு.

கட்டங்கள் என்னென்ன எண்டு ஒருக்கா வரிசையாச் சொல்லுங்கோவன்

ஆக்களைப் போய்ப் பாக்கிறது, பாத்ததில இருந்து எது உண்மையான பிரச்சினை எண்டு முடிவெடுக்கிறது, பேப்பரில கீறிறது, தொட்டுப் பாக்கக்கூடிய மாதிரி ஒண்டு செய்யிறது, அதை ஆக்களிட்டக் குடுத்துப் பாக்கிறது, பிறகு கோட் எழுதிறது, திரும்ப ரெஸ்ட் (சோதிச்சுப் பாக்கிறது), வெளியிடுறது, வெளியிட்ட பிறகு கவனிக்கிறது.

வரிசை எண்டு சொன்னாலும் இது சந்தைக்குப் போற றோட்டு மாதிரி நேரா ஒரு பக்கமாப் போறதில்லை. ரெஸ்ட் செய்யேக்க திரும்ப முதல் கட்டத்துக்கு வருவியள், கோட் எழுதேக்க திரும்பப் பேப்பருக்கு வருவியள். அப்பிடித் திரும்பி வரவே இல்லையெண்டா தான் நான் பயப்பிடுவன், ஏனெண்டா அப்ப நீங்கள் ஒருத்தருக்கும் காட்டேல்லை எண்டு அர்த்தம். பேப்பரில இருக்கிற பிழையைத் திருத்த ஒரு அழிரப்பர் காணும், அதே பிழை வெளியிட்ட ஆப்பில இருந்தா ரெண்டு கிழமை வேலை.

ஆக்களிட்டப் போய் என்ன கேக்கிறது? "உங்களுக்கு என்ன வேணும்" எண்டு கேட்டாக் காணும் தானே?

காணாது. நாங்கள் அப்பிடித் தான் முதல் கேட்டனாங்கள், எல்லாரும் "விலை தெரிஞ்சாக் காணும் தம்பி" எண்டு சொன்னவை, நாங்களும் சந்தைப் பேர், மரக்கறி, கிலோ விலை எண்டு மூண்டு நிரலோட வடிவா ஒரு ஸ்கிரீன் செய்தம். ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா ஒருத்தரும் திறக்கேல்லை.

பிறகு நான் ஒரு ஐயாவோட விடியப்புறம் அவற்ர லாண்ட்மாஸ்டரில (ரெண்டு சில்லு உழவு மெசினில) ஏறி சந்தைக்குப் போனனான். அங்க தான் கழிவு எண்ட விசயம் என்ர மண்டையில ஏறினது. சில சந்தையளில நூறு கிலோ கொண்டு போனா பத்துக் கிலோவைக் கழிவு எண்டு கழிச்சுப்போட்டு தொண்ணூறு கிலோவுக்குத் தான் காசு குடுப்பினம். கிலோ 200 ரூபா போற சந்தையில கழிவு போக நூறு கிலோவுக்கு 18,000 தான் கைக்கு வரும், 190 ரூபா போற இன்னொரு இடத்தில கழிவு இல்லையெண்டா 19,000 வரும். விலை குறைஞ்ச இடம் தான் அவருக்கு லாபம். எங்கட ஆப்பில 200 தான் மேல பச்சைக் கலரில நிண்டது. அந்த மனிசன் எங்களுக்குப் பொய் சொல்லேல்லை, கழிவு அவருக்கு அவ்வளவு பழகின விசயம், அதைத் தனியச் சொல்லோணும் எண்டு அவருக்குத் தோன்றேல்லை.

அதாலை நான் சொல்லுறது, "என்ன வேணும்" எண்டு கேக்காதேங்கோ, "போன தரம் எப்பிடிச் செய்தனீங்கள், முதல் என்ன செய்தனீங்கள், பிறகு" எண்டு நடந்த கதையைக் கேளுங்கோ. ஏலுமெண்டா வேலை நடக்கேக்க பக்கத்தில நில்லுங்கோ. கொப்பியில என்ன எழுதி வைச்சிருக்கினம், போனில எந்த நம்பரை முதல் எடுக்கினம், எதைச் செய்யேக்க முகம் சுழியுது, இதெல்லாம் கேட்டு வாங்க ஏலாத விசயங்கள்.

கூகிள் ஃபோர்ம் ஒண்டு செய்து வட்ஸ்அப் குறூப்பில போட்டா நூறு பேர் பதில் தருவினம், அது சரி வராதா?

எண்ணிக்கை தெரிய அது உதவும். எத்தினை பேரிட்ட அன்ட்ரொயிட் இருக்கு, எந்தச் சந்தைக்குப் போகினம், இந்த மாதிரி விசயத்துக்கு நல்லது. ஆனா உங்களுக்குத் தெரியாததை அது சொல்லித் தராது, நீங்கள் கேள்வியாப் போட்டதுக்கு மட்டும் தான் பதில் வரும். மேல சொன்ன கழிவை ஃபோர்மில நான் எப்பிடிக் கேட்டிருப்பன், அப்பிடி ஒண்டு இருக்கெண்டே எனக்குத் தெரியாதே.

இன்னொண்டு, உங்கட வட்ஸ்அப் குறூப்பில இருக்கிறது உங்கட கூட்டாளியள். தோட்டக்காரருக்கு ஆப் செய்துபோட்டு கம்பஸ் பெடியளிட்டக் கருத்துக் கேட்டா கம்பஸ் பெடியளுக்கு ஏத்த ஆப் தான் வரும். முதல்ல அஞ்சு ஆறு பேரோட நேரில ஆறுதலா இருந்து கதையுங்கோ. கதையள் திருப்பித் திருப்பி ஒரே மாதிரி வரத் தொடங்கினா அந்தச் சுற்றுக்கு அது காணும்.

காசு தாறது கிளையன்ட், அவர் கேக்கிறதைச் செய்து குடுத்தா எங்கட வேலை முடிஞ்சுது தானே?

அவர் காசு தாறவர், ஆனா பாவிக்கிறவர் அவர் இல்லை. ரியூசன் சென்ரர் ஒண்டுக்கு ஆப் செய்தா காசு தாறது நடத்துறவர், வரவு போடுறது அங்க வேலை செய்யிற அக்கா, மெசேஜ் பாக்கிறது அம்மாமார், அப்பிடி மூண்டு பேருக்கும் மூண்டு விதமான நாள் இருக்கு. நடத்துறவர் அழகான ரிப்போர்ட் கேப்பார், ஆனா அந்த அக்கா வாசலில நாப்பது பிள்ளையள் ஒண்டா வரேக்க வரவு போட ஏலாமல் கொப்பிக்குத் திரும்பிப் போனா ரிப்போர்ட்டில ஒண்டும் இராது.

கிளையன்டோட சண்டை பிடிக்கத் தேவையில்லை. அவரையும் ஒரு நாள் பின்னேரம் வாசலில நிண்டு பாக்கக் கூட்டிக்கொண்டு போங்கோ, இல்லாட்டி பாவிக்கிற ஆள் தடுமாறுற ஒரு நிமிச வீடியோவை அந்த ஆளின்ர சம்மதத்தோட எடுத்துக் காட்டுங்கோ. நான் ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தி ஏலாமப்போனது அந்த ஒரு நிமிசத்தில விளங்கியிருக்கு, ஒருக்கா இல்லை, கன தரம்.

முதல் வேர்சனில என்ன போடுறது, என்ன விடுறது? எல்லாம் முக்கியமாத் தான் தெரியுது

ஒரு ஆள், ஒரு நேரம், ஒரு வேலை. எங்களுக்கு அது "நாளைக்குப் பிடுங்கப்போற தோட்டக்காரர் இரவு படுக்க முதல் எங்க கொண்டு போறதெண்டு முடிவெடுக்கிறது". அதுக்குத் தேவையில்லாதது எல்லாத்தையும் வேற ஒரு கொப்பியில எழுதி வைச்சம். காலநிலை, உரம் பற்றின தகவல், வாங்கிறவரோட மெசேஜில கதைக்கிற சட் வசதி, எல்லாம் அந்தக் கொப்பியில தான் இருந்தது. சட் வசதியை மட்டும் ஆசையில பிறகு செய்தம், ஒரு கிழமையில எடுத்தும் போட்டம், ஏனெண்டா கோல் எடுக்கத் தெரிஞ்ச ஆக்களுக்கு சட் எதுக்கு.

பேப்பரில கீறிறதெல்லாம் நேர விரயம் இல்லையா, நேரா ஃபிக்மாவில செய்யலாமே?

ஃபிக்மா எண்டது ஸ்கிரீன் டிசைன் செய்யிற மென்பொருள், நல்ல சாமான், நானும் பாவிக்கிறன். ஆனா ஃபிக்மாவில வடிவாச் செய்ததைக் காட்டினா ஆக்கள் முடிஞ்ச வேலை எண்டு நினைச்சு கலரைப் பற்றித் தான் கதைப்பினம், உங்களுக்கும் அதை மாத்த மனம் வராது. பேனையால கீறின நாலு பேப்பரைக் காட்டினா "இது ஏன் இஞ்ச கிடக்கு, இதை முதல்ல போடும்" எண்டு அவையே பேனையை வாங்கிக் கீறுவினம். ஒரு அக்கா எங்கட பேப்பரில "கழிவு எவ்வளவு" எண்டு ஒரு பெட்டியைத் தானே கீறி விட்டவ, அந்தப் பெட்டி அதே இடத்தில இண்டைக்கும் ஆப்பில இருக்கு.

பேப்பரில ரெண்டு மூண்டு சுற்று முடிய ஃபிக்மாவில தொட்டா அடுத்த ஸ்கிரீன் வாற மாதிரிச் செய்து அவையின்ர போனிலயே போட்டுக் காட்டுங்கோ. உங்கட லப்டொப்பில காட்டாதேங்கோ, தோட்டத்து வெயிலில என்ன தெரியுதெண்டு லப்டொப் சொல்லாது. நாங்கள் சாம்பல் கலரில போட்ட எழுத்து வெளியில ஒண்டுமே தெரியேல்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில குறைஞ்சது 4.5க்கு 1 எண்ட அளவில வெளிச்ச வித்தியாசம் இருக்கோணும் எண்டு வெப் அணுகல் வழிகாட்டலில இருக்கு, பட்டன் குறைஞ்சது 48 டிபி, அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீற்றர், எண்டு அன்ட்ரொயிட் வழிகாட்டலில இருக்கு. மண் பிடிச்ச பெருவிரலுக்கு அதைவிடவும் பெரிசாப் போட்டாக் குறையில்லை.

இங்கிலிசில செய்துபோட்டு தமிழைப் பிறகு போடலாம் தானே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாச் சொல்லப்போறன், ஏனெண்டா இது தான் எங்கட ஊரில ஆக அதிகமா நடக்கிற பிழை. பிறகு போடுற தமிழ் எப்பவும் பெட்டிக்கு வெளியில நிக்கும். இங்கிலிசில நாலு எழுத்தில முடியிற பட்டன் தமிழில பன்னிரண்டு எழுத்து வரும், மேலயும் கீழயும் கொம்பும் சுழியும் இருக்கிறதால வரிக்கு வரி இடைவெளி கூட வேணும், இங்கிலிசுக்கு அளந்த ஸ்கிரீனில ரெண்டும் இடிபடும். கொம்பியூட்டர் எண்ணிறதும் நாங்கள் எண்ணிறதும் வேற. "யாழ்ப்பாணம்" எங்களுக்கு 6 எழுத்து, கொம்பியூட்டர் எழுத்தைச் சேமிக்கிற பொது முறையான யுனிகோடில 11 குறியீடு. அதாலை பேருக்கு 15 எண்டு எல்லை வைச்சா எங்கட பேர் பாதியில அறுந்துபோகும், படம் இல்லாத புரொஃபைலில முதல் எழுத்தை மட்டும் போடச் சொன்னா "கௌரி" வெறும் "க" ஆகிடும். எஸ்எம்எஸ் அனுப்பிறதெண்டா ஒரு மெசேஜில இங்கிலிசில 160 எழுத்து, தமிழில 70 குறியீடு தான் கொள்ளும், செலவும் ரெண்டு மூண்டு மடங்கு. இதெல்லாம் முதல் நாளே தெரிஞ்சிருந்தா வேற மாதிரி முடிவெடுப்பியள். பழைய தரவு தாறவை பாமினி எழுத்துருவில அடிச்ச ஃபைல் தந்தா அதை யுனிகோடுக்கு மாத்திப்போட்டுத் தான் ஏத்தோணும், இல்லாட்டி போனில இங்கிலிஸ் எழுத்தும் அரைப்புள்ளியுமா கலைஞ்சு வரும்.

பிறகு படிவங்கள். முதற்பெயர், குடும்பப்பெயர் எண்டு ரெண்டு பெட்டி போட்டா எங்கட ஆக்கள் முழிப்பினம், எங்களுக்கு இருக்கிறது தகப்பன்ர பேரும் எங்கட பேரும். "பெயர்" எண்டு ஒரே பெட்டி காணும். அடையாள அட்டை நம்பர் கேக்கிறதெண்டா பழசு 9 இலக்கமும் கடைசியில வி அல்லது எக்ஸும், புதுசு 12 இலக்கம், ரெண்டையும் ஏத்துக்கொள்ளோணும், வயசான ஆக்கள் கன பேரிட்ட இப்பவும் பழசு தான் இருக்கு.

சொல்லும் முக்கியம். நாங்கள் முதல்ல "நிகர வருமானம்" எண்டு போட்டனாங்கள், படிச்ச தமிழ், ஒருத்தருக்கும் விளங்கேல்லை எண்டில்லை, ஆனா எல்லாரும் ஒரு நிமிசம் நிண்டு யோசிச்சவை. சந்தையில எல்லாரும் சொல்லுறது "கைக்கு எவ்வளவு வரும்". அதையே "கைக்கு வாறது" எண்டு போட்டம், அண்டையில இருந்து ஒருத்தரும் அந்த இடத்தில நிக்கேல்லை. மெசின் மொழிபெயர்ப்பு இந்தச் சொல்லை எனக்குத் தந்திருக்காது.

ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா, கொட்லினா?

மூண்டும் ஆப் எழுதப் பாவிக்கிறது தான், உங்களுக்கு எது கை வருமோ அது. பாவிக்கிற ஆளுக்கு அதில எது எண்டு தெரியப்போறதில்லை. அவருக்குத் தெரியிறது ஆப் எவ்வளவு கெதியாத் திறக்குது, எவ்வளவு இடம் பிடிக்குது, பழைய போனில ஓடுதா எண்டது மட்டும் தான். எங்கட ஆக்களிட்ட ஐபோன் இல்லாததால அன்ட்ரொயிட் மட்டும் செய்தம்.

தோட்டத்தில சிக்னல் இல்லை, ஆக்கள் டேட்டாவையும் நிப்பாட்டி வைச்சிருக்கினம், என்ன செய்யிறது?

அது தான் சாதாரண நிலைமை எண்டு வைச்சுக்கொண்டு தொடங்குங்கோ, ரீலோட் முடிஞ்ச போனிலயும் ஆப் எதையாவது காட்டோணும். கடைசியா எடுத்த விலையை போனிலயே சேத்து வைச்சு அதைக் காட்டுங்கோ, ஆனா எப்ப எடுத்ததெண்டு பெரிய எழுத்தில சேத்துக் காட்டுங்கோ: "இண்டைக்கு விடிய 6.10". நாங்கள் ஒருக்கா இதைச் சின்ன எழுத்தில போட்டு, முந்தின நாள் விலையை இண்டையான் விலை எண்டு நம்பி ஒருத்தர் ரெண்டு மூடை கத்தரிக்காயோட பிழையான சந்தைக்குப் போனவர். அது எங்கட பிழை. அவரிட்ட நேரில போய் மன்னிப்புக் கேட்டனாங்கள், அண்டைக்கே திகதியைப் பெரிசாக்கினம்.

காத்திருக்கிற நேரத்தைப் பற்றி ஜேக்கப் நீல்சன் எண்ட, ஆக்கள் கொம்பியூட்டரை எப்பிடிப் பாவிக்கினம் எண்டு ஆராயிறவர் சொன்ன ஒரு பழைய கணக்கு இருக்கு. பத்தில ஒரு செக்கனுக்குள்ள வந்தா உடன வந்த மாதிரி, ஒரு செக்கன் வரைக்கும் யோசனை அறுபடாது, பத்துச் செக்கனைத் தாண்டினா ஆளின்ர கவனம் போயிடும். சுத்திற வட்டத்தைக் காட்டிக்கொண்டு நிக்கிறதைவிட பழைய விலையைத் திகதியோட காட்டிப்போட்டு பின்னுக்குப் புதுசை எடுக்கிறது மேல்.

ரெஸ்ட் பண்ண அஞ்சு பேர் காணும் எண்டு சொல்லீனம், உண்மையா?

அதே நீல்சன்ர கணக்குத் தான் அது. சராசரியா ஒரு ஆள் பாவிக்கேக்க 31 வீதம் பிரச்சினையள் வெளிய வருமெண்டா அஞ்சு பேரோட ஏறத்தாழ 85 வீதம் வந்திடும், அதுக்கு மேல ஒவ்வொரு ஆளோடயும் ஏற்கனவே கண்டதையே தான் திருப்பிக் காணுவியள். ஆனா பாதியைத் தான் எல்லாரும் சொல்லீனம். மிச்சப் பாதி என்னெண்டா, பதினைஞ்சு பேர் கிடைச்சா ஒரேயடியாப் பாக்காம அஞ்சு அஞ்சு பேரா மூண்டு தரம் பாருங்கோ, ஒவ்வொரு தரமும் திருத்திப்போட்டு. வேற வேற வகை ஆக்களெண்டா ஒவ்வொரு வகையிலயும் மூண்டு நாலு பேர் தனித்தனியா வேணும்.

செய்யிற விதம் லேசு, ஆனா பொறுமை வேணும். ஒரு வேலையைக் குடுங்கோ: "ஐயா, நாளைக்கு அறுவது கிலோ பயித்தங்காய் பிடுங்கப்போறியள், எங்க கொண்டு போறதெண்டு இதில பாத்துச் சொல்லுங்கோ." அதுக்குப் பிறகு வாயைத் திறக்கக்கூடாது. அவர் பிழையான இடத்தைத் தொடேக்க உங்கட கை துடிக்கும், காட்டிக் குடுக்கோணும் போல இருக்கும், குடுத்தியளெண்டா அந்த ரெஸ்ட் முடிஞ்சுது. மூண்டு கோடு போட்ட மெனுப் பட்டனை எங்கட முதல் அஞ்சு பேரில நாலு பேர் தொடவே இல்லை, அது பட்டன் எண்டே அவைக்குத் தெரியேல்லை. "இன்னும்" எண்டு தமிழில எழுதி வைச்சம், பிரச்சினை தீந்தது.

எல்லாரும் "நல்லாயிருக்கு தம்பி" எண்டு சொல்லீனம், ஆனா ஒருத்தரும் பாவிக்கினமில்லை. ஏன்?

ஏனெண்டா எங்கட சனம் நல்ல சனம். வீடு தேடி வந்த பிள்ளையிட்ட "உது சரியில்லை" எண்டு ஆர் சொல்லுவினம், தேத்தண்ணி போட்டுத் தந்து நல்லாயிருக்கு எண்டு தான் சொல்லுவினம். அது மரியாதை, அதைத் தரவு எண்டு எடுக்கக்கூடாது. அதாலை தான் முந்தின பதிலில சொன்ன மாதிரி வேலையைக் குடுத்துப் பாக்கச் சொல்லுறன், கருத்துக் கேக்கிறதை விடுங்கோ. "இதை நான் செய்யேல்லை, வேற ஒராள் செய்தது, பிழை கண்டுபிடிக்கச் சொன்னவை" எண்டு சொல்லிக் காட்டினா கொஞ்சம் உண்மை வரும் எண்டு சிலர் சொல்லுவினம். எனக்குப் பொய் சொல்ல விருப்பமில்லை, "பிழை இருக்கெண்டு எங்களுக்குத் தெரியும், எங்க எண்டு தான் தெரியேல்லை" எண்டு சொல்லுவன், அதுவும் வேலை செய்யுது.

அளவு வேணுமெண்டா எஸ்யூஎஸ் எண்டு பத்துக் கேள்விப் பட்டியல் ஒண்டு இருக்கு, 1986இல ஜோன் புரூக் செய்தது, கடைசியில 100க்கு ஒரு புள்ளி வரும், 68 சராசரி. கேள்வியளைத் தமிழில வடிவா எழுதிக் கேளுங்கோ. ஆனா அந்தப் புள்ளியைவிட நான் நம்பிறது அடுத்த கிழமையும் திறந்தவையா எண்டதை.

பிளே ஸ்டோரில போட எவ்வளவு முடியும்? உடன போடலாமா?

கூகிளுக்கு ஒருக்கா மட்டும் 25 டொலர், அப்பிளுக்கு வருசா வருசம் 99 டொலர். உடன போட ஏலாது. 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கெண்டா 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய ரெஸ்ட்டில (நீங்கள் சேத்த ஆக்கள் மட்டும் பாவிச்சுப் பாக்கிறது) இருக்கோணும், அதுக்குப் பிறகு தான் எல்லாருக்கும் வெளியிட விண்ணப்பிக்கலாம். முதல்ல 20 பேர் எண்டு இருந்தது, 2024 கடைசியில 12 ஆக்கினவை. நிறுவனக் கணக்குக்கு இது இல்லை. ஃபைனல் இயர் பிள்ளையள் இதை மறந்துபோய் சப்மிற் பண்ண ஒரு கிழமைக்கு முதல் எனக்குக் கோல் எடுக்கினம், தயவுசெய்து நாள்காட்டியில முதலே குறிச்சு வையுங்கோ.

இந்த 12 பேரும் மேல சொன்ன அஞ்சு பேரும் வேற வேற கணக்கு, குழப்பாதேங்கோ. ஆனா 12 பேரை எப்பிடியும் தேடத் தான் வேணுமெண்டா கூட்டாளியளைப் போடாம உண்மையாப் பாவிக்கப்போற ஆக்களையே போடுங்கோ, 14 நாளும் உங்களுக்குப் பிரயோசனப்படும்.

தொடர்பு, இடம், கமெரா எல்லாத்துக்கும் பெர்மிஷன் முதலே வாங்கி வைச்சா நல்லம் தானே?

இல்லை. தேவைப்படுற நேரத்தில, ஏன் எண்டு ஒரு வரி சொல்லிப்போட்டுக் கேளுங்கோ. திறந்த உடன நாலு கேள்வி வந்தா பயந்து எல்லாத்துக்கும் இல்லை எண்டு அமத்துவினம். எங்களுக்கு இடம் தேவைப்படவே இல்லை, ஊர்ப் பேரைத் தெரிவு செய்யச் சொன்னாக் காணும் எண்டு விளங்கி அதை எடுத்துப்போட்டம்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு எங்கட நாட்டில இருக்கு, எதுக்கு எடுக்கிறம் எண்டு சொல்லி அந்த நோக்கத்துக்குத் தேவையானதை மட்டும் எடுக்கோணும் எண்டது அதின்ர அடிப்படை. கணக்குத் திறக்கிற வசதி இருந்தா அழிக்கிற வசதியும் இருக்கோணும் எண்டு கூகிளும் அப்பிளும் கேக்கினம். எங்கட பக்கத்தில பேரும் போன் நம்பரும் தப்பான கையுக்குப் போனா என்ன ஆகும் எண்ட பயம் சனத்துக்கு இருக்கு, அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கு. கேக்காம விட ஏலுமெண்டா கேக்காம விடுங்கோ.

வெளியிட்டாச்சு, இனி பக் வந்தாத் திருத்தினாக் காணும் தானே?

வெளியிட்ட பிறகு தான் நீங்கள் நினைச்சே பாக்காத நாளுகள் வரும். எங்களுக்கு நல்லூர்த் திருவிழா வந்தது. இருவத்தஞ்சு நாளும் கன வீடுகளில மச்சம் (மீன், இறைச்சி) இல்லை, மரக்கறி விலை காலமைக்கு ஒண்டு பின்னேரத்துக்கு ஒண்டா மாறும், ஒரு நாளுக்கு ஒரு விலை எண்டு நாங்கள் செய்த அமைப்பு அப்பிடியே உடைஞ்சுது. அது பக் (கோட்டில விட்ட பிழை) இல்லை, கோட் நாங்கள் எழுதின மாதிரித் தான் ஓடினது. ஆக்களின்ர வருசத்தை நாங்கள் முழுசாப் பாக்கேல்லை, அது தான் பிழை.

அதாலை வெளியிட்ட பிறகும் மாசத்தில ஒருக்கா எண்டாலும் போய் அவையோட நில்லுங்கோ. எந்த ஸ்கிரீனில விட்டுட்டுப் போகினம் எண்டு பாவனையைக் கணக்கெடுக்கிற அனலிற்றிக்ஸ் சொல்லும், ஏன் போகினம் எண்டு அது சொல்லாது. அப்டேற் போடேக்க பட்டனை இடம் மாத்தாதேங்கோ, வயசான ஆக்கள் வாசிச்சுப் பாத்து அமத்திறேல்லை, இடத்தை வைச்சு அமத்தினம்.

நான் தனி ஆள், மூண்டு மாசம் தான் இருக்கு, இவ்வளவும் ஏலுமா?

ஏலும், சின்னனாச் செய்தா. முதல் ரெண்டு கிழமை கோடே எழுதாம ஆக்களோட இருங்கோ, அடுத்த ரெண்டு கிழமை பேப்பரும் ஃபிக்மாவும், பிறகு ஒண்டரை மாசம் கோட், அதுக்குள்ள ஒவ்வொரு ரெண்டு கிழமையும் ரெண்டு மூண்டு பேருக்குக் காட்டுங்கோ, கடைசி 14 நாளும் மேல சொன்ன 12 பேருக்கு. சுப்பர்வைசர் "ஒரு மாசமாகியும் கோட் இல்லையே" எண்டு கேட்டா நீங்கள் சந்திச்ச ஆக்களின்ர குறிப்பையும் கீறின பேப்பரையும் அப்பிடியே கொண்டு போய்க் காட்டுங்கோ.

விக்கிறவர் ஒண்டு கேக்கிறார், வாங்கிறவர் அதுக்கு எதிரா ஒண்டு கேக்கிறார், ரெண்டு பேரும் யூசர். ஆற்ர பக்கம் நிக்கிறது?

இதுக்கு என்னட்ட முழுப் பதில் இல்லை, எங்களுக்கு நடந்ததைச் சொல்லுறன். விலையைப் போடுறது ஆர் எண்டு வந்தது கேள்வி. வியாபாரி போட்டா குறைச்சுப் போடுவார் எண்டு தோட்டக்காரர் சொன்னவை, தோட்டக்காரர் போட்டா கூட்டிப் போடுவினம் எண்டு வியாபாரியள் சொன்னவை, கழிவைக் காட்டவே கூடாதெண்டு ரெண்டு வியாபாரியள் எங்களிட்ட நேரா வந்து சொன்னவை. ரெண்டு பக்கத்துக்கும் பிடிச்ச மாதிரி ஒரு எண் இல்லை. கடைசியில ரெண்டு பக்கமும் விலை போட விட்டு, ஆர் போட்டது, எத்தினை பேர் போட்டவை, எத்தினை மணிக்கு எண்டதைப் பக்கத்தில காட்டினம். கழிவை எடுக்கேல்லை. இந்த ஆப் ஆருக்கெண்டு முதல் நாள் நாங்கள் எழுதி வைச்ச வரி தோட்டக்காரரைத் தான் சொல்லுது, அந்த வரி இல்லாட்டி அண்டைக்கு மசிஞ்சிருப்பம்.

வியாபாரியளைக் கைவிட்டதாவும் நான் நினைக்கேல்லை. அவையிலயும் கழிவு எடுக்காத ஆக்கள் இருக்கினம், அவையின்ர பேருக்குப் பக்கத்தில "கழிவு இல்லை" எண்டு ஒரு அடையாளம் போடலாமா எண்டு அவையே கேட்டிருக்கினம். பேப்பரில கீறி வைச்சிருக்கிறன், வாற கிழமை விடிய மருதனார்மடச் சந்தைக்குக் கொண்டு போய்க் காட்டோணும்.